கிளட்ச் கட் ஆகவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன்

ரிவர்ஸ் போடும்போது கர்ர்ர் என்று ஒரு சத்தம். சிக்னலில் நிற்கையில் முதல் கியர் விழ மறுக்கிறது. பெடலைத் தரையோடு மிதித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் அதே கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுகிறது. இவையெல்லாம் ஒன்றாக வந்தால் பட்டறையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: "கிளட்ச் கட் ஆகல சார்." நோயின் பெயர் சரிதான். அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் பெரும்பாலும் பிசகு: "பிளேட் போயிருக்கும். கியர்பாக்ஸ இறக்கிடலாம்."

பிளேட் தேய்ந்தால் வருவது இதற்கு நேர் எதிரான தொல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது. மேட்டில் கருகல் வாடை வரும். கிளட்ச் பிடிக்காதது அது. இந்த அத்தியாயம் கிளட்ச் விடாததைப் பற்றியது. பிடிக்காத கிளட்சுக்குப் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும். விடாத கிளட்சுக்கு அது கடைசி வேலை.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் என் வண்டிக்குப் புது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் போட்டு, இரண்டு நாள் கூலியும் கொடுத்துவிட்டு, பட்டறை வாசலிலேயே ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் லோயர் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் உள்ளேயிருந்து பிரேக் ஆயில் (கிளட்சிலும் ஓடுவது அதுதான்) சொட்டியது. அந்த உறையை முதல் நாளே யாராவது விலக்கிப் பார்த்திருந்தால் போதும். அந்த யாராவதில் நானும் அடக்கம்.

ஒரு தேக்கரண்டி எண்ணெய்

கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு (மாருதி 800, ஆல்ட்டோ போன்றவை) இந்த அத்தியாயத்தின் முதல் பாதி பொருந்தாது. இங்கே பேசுவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சைப் பற்றி. உதாரணத்துக்கு, 2005 முதல் 2016 வரை நம் ஊரில் விற்ற முதல் தலைமுறை இன்னோவாவை வைத்துக்கொள்வோம். எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் ஒன்று நிற்கும். லோயர் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே கைக்கெட்டும்படி இருப்பதால் பாடம் படிக்கவும் வசதி.

நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். பெடலோடு இணைந்த தண்டு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பட்டறையில் இதை அப்பர் என்பார்கள். அங்கிருந்து எண்ணெய் இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் வழியாகக் கீழே வந்து ஸ்லேவ் சிலிண்டரின், அதாவது லோயரின், பிஸ்டனைத் தள்ளுகிறது. லோயரின் தண்டு ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்த, பிரஷர் பிளேட் பின்வாங்கி, தனக்கும் எஞ்சினின் ஃபிளைவீலுக்கும் நடுவில் மாட்டியிருந்த பிளேட்டை விடுவிக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும்; அளவின் சுபாவம் புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன். பெடல் 150 மி.மீ. இறங்குகிறது. பெடலின் நெம்புகோல் விகிதம் ஆறு என்றால் மாஸ்டர் பிஸ்டன் நகர்வது 25 மி.மீ. மாஸ்டரின் துளை 5/8 அங்குலம், லோயரின் துளை 3/4 அங்குலம். பரப்பளவு விகிதம் 1.44, ஆகவே லோயர் தண்டு நகர்வது சுமார் 17 மி.மீ. ஃபோர்க்கில் அது 10 மி.மீ. ஆகக் குறைகிறது. விரல்கள் அதை ஐந்தில் ஒன்றாக்க, பிரஷர் பிளேட் பின்வாங்குவது 2 மி.மீ. அதிலும் ஏறத்தாழப் பாதியை, பிளேட்டுக்குள் இருக்கும் அலைவடிவ ஸ்பிரிங் விரிந்து தின்றுவிடும். மிச்சம் 1 மி.மீ. பிளேட்டின் இருபுறமும் பங்கிட்டால் பக்கத்துக்கு அரை மி.மீ. உங்கள் கிளட்ச் விடுவது இந்த அரை மில்லிமீட்டரில்தான்.

அந்த மாஸ்டர் பிஸ்டன் ஒரு முழு மிதியில் தள்ளும் எண்ணெய் எவ்வளவு? கணக்குப் போட்டால் 5 மி.லி. கூட வராது. ஒரு தேக்கரண்டி. அதில் 1 மி.லி. எங்கோ கசிந்தாலோ, அந்த இடத்தில் காற்றுக் குமிழி உட்கார்ந்து எண்ணெய்க்குப் பதிலாக அது நசுங்கினாலோ, லோயரில் 3.5 மி.மீ. போய்விடும், பிரஷர் பிளேட்டில் 0.4 மி.மீ. போய்விடும். மிச்சமிருந்த 1 மி.மீ. இடைவெளியில் 0.4 என்பது நாற்பது சதவீதம். பெடலில் உங்கள் காலுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கியருக்குத் தெரியும்.

ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரே கேள்விதான்: மிதித்த தூரம் எந்த இடத்தில் தொலைந்தது? பெடலிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் போங்கள்.

நோயை உறுதி செய்வது

சமதரை. கை பிரேக் இழுத்திருக்கட்டும், கால் பிரேக் மேல் இருக்கட்டும். எஞ்சின் ஐடிலில் ஓட, நியூட்ரலில் பெடலை முழுக்க மிதித்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பத்து எண்ணுவது சும்மா இல்லை: கிளட்ச் ஒழுங்காக விட்டிருந்தாலும் பிளேட்டும் அது கோத்திருக்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் சுழன்ற வேகத்தில் சில விநாடி சுழன்றுகொண்டுதான் இருக்கும். மிதித்த உடனே போட்டால் உரசுகிறது, பத்து எண்ணிய பின் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் கிளட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் அவசரம்தான் காரணம். பத்து எண்ணிய பிறகும் கர்ர்ர் என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை. இதற்கு ரிவர்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது. மற்ற கியர்களில் சின்க்ரோ பாவம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடும். ரிவர்ஸ் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். இந்தச் சோதனையை ஒரே மூச்சில் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு கர்ருக்கும் பல்லில் இரும்பு போகிறது.

இரண்டு போலிகளைக் கழித்துவிட வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் கடினமாக விழுந்தால் கோளாறு கியர் லிவர் கேபிளிலோ லிங்க்கேஜிலோ இருக்கிறது. ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும், உரசினால் அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. கிளட்ச் விடாவிட்டால் அது எல்லா கியரிலும் தெரியும்.

இருக்கையிலேயே முடியும் வேலை

முதலில் கால் மிதியடியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். கம்பெனி போட்ட கார்ப்பெட், அதன்மேல் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மேட், அதன்மேல் மழைக்கென்று வாங்கிய ரப்பர் மேட். மூன்றும் சேர்ந்து 15 மி.மீ. தடிமன் இருந்தால் பெடல் அந்த 15 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். நம் கணக்கில் அது பத்தில் ஒரு பங்கு. மேட்டையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ரிவர்ஸ் சோதனை செய்யுங்கள்.

அடுத்து டார்ச்சோடு பெடலுக்கு அடியில் தலையை நுழையுங்கள். பெடல் ஆடும் புஷ், பெடலையும் மாஸ்டர் தண்டையும் இணைக்கும் பின், இரண்டும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். பெடலைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்து, தண்டு நகரத் தொடங்கும் வரை எவ்வளவு தூரம் வீணாகிறது என்று பாருங்கள். பின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அங்கேயே 2 மி.மீ. போய்விடும், மாஸ்டரின் 25இல் அது 2. பெடல் பிராக்கெட்டிலோ, மாஸ்டர் மாட்டியிருக்கும் தகட்டிலோ விரிசல் விட்டிருந்தால் மிதிக்கும்போது மாஸ்டரே முன்னால் நகரும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பேனட்டைத் திறந்து மாஸ்டரைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

சில வண்டிகளில் மாஸ்டர் தண்டின் நீளத்தை மரையில் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கே பேராசை கூடாது. தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மி.மீ. அளவு தளர்வு இருந்தே ஆகவேண்டும். அதையும் எடுத்துவிட்டால் பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்காது; எண்ணெய் தன் இருப்புக் குப்பிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும்; எஞ்சின் சூட்டில் எண்ணெய் விரிந்து கிளட்சைத் தானே அரைகுறையாக மிதித்துவிடும். விடாத கிளட்சைச் சரிசெய்யப் போய்ப் பிடிக்காத கிளட்சை வாங்கிய கதை இது.

பிறகு பெடலை வேகமாக மூன்று நான்கு முறை அடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அடித்த பிறகு கியர் விழுந்தால் சந்தோஷப்படலாம்: கோளாறு எண்ணெய்ப் பாதையில் இருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் இல்லை. ஒவ்வொரு அடியிலும் மாஸ்டர் குப்பியிலிருந்து கொஞ்சம் கூடுதல் எண்ணெயை இழுத்துக் குழாய்க்குள் சேர்ப்பதால், தொலைந்த தேக்கரண்டி தற்காலிகமாக ஈடாகிறது. எத்தனை அடித்தாலும் ஒரே மாதிரி உரசினால் கோளாறு பெரும்பாலும் இரும்புப் பகுதியில்.

காலுக்குத் தெரியும் செய்திகளும் உண்டு. பஞ்சு போல அமுங்கினால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கையில், முதல் கியரில் நிற்கும் வண்டி அரை நிமிடம் கழித்து மெதுவாக நகரத் தொடங்கினால் மாஸ்டரின் உள் சீல் எண்ணெயை விடுகிறது. பெடல் தரையோடு ஒட்டி மேலே வராவிட்டால் எண்ணெயே இல்லை. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் ஃபோர்க்கோ பிரஷர் பிளேட்டோ.

குப்பியும் எண்ணெயும்

கிளட்ச் எண்ணெயில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பிரேக் ஷூவும் பேடும் தேயத் தேய குப்பியில் மட்டம் இறங்கும். கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் சாய்ந்து, ஃபோர்க் வழியாக லோயர் பிஸ்டனை உள்ளே தள்ளும், எண்ணெய் குப்பிக்குத் திரும்பும், மட்டம் ஏறும். எனவே தனிக் குப்பி உள்ள வண்டியில் கிளட்ச் எண்ணெய் குறைந்தால் "தேஞ்சிருக்கும்" என்ற சமாதானமே கிடையாது. எங்கோ ஒழுகுகிறது.

கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே குப்பி உள்ள வண்டிகளில் இன்னொரு நுணுக்கம்: கிளட்சுக்குப் போகும் வழி குப்பியில் சற்று மேலே இருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் கிளட்ச் சாகட்டும், பிரேக் பிழைக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் திடீரென்று போனால் கிளட்சைத் தொடும் முன் நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் பாருங்கள். ஒழுகுவது பிரேக்காக இருக்கலாம்.

எந்த எண்ணெய் என்பது குப்பி மூடியிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. காற்றிலிருந்து ஈரம் குடிப்பது இவற்றின் பிறவிக் குணம். டாட் 3இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி. ஈரம் குடித்த பின் 140. டாட் 4க்கு 230, 155. காலையில் ஒழுங்காக இருந்த கிளட்ச் மதிய நெரிசலில் பிடிவாதம் பிடித்து, இரவு ஆறியதும் நல்ல பிள்ளையாகிறது என்றால், சைலன்ஸர் பக்கமாகப் போகும் குழாயில் பழைய எண்ணெய் ஆவியாகிக் குமிழி விடுகிறதா என்று சந்தேகப்படுங்கள். எண்ணெய் மாற்றினாலே தீரும். டாட் 5.1ஐ டாட் 4உடன் கலக்கலாம். டாட் 5ஐக் கலக்கவே கூடாது, அது சிலிக்கோன். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது? எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட வேண்டாம்; சீல் ரப்பர் ஊதிப்போய் மாஸ்டரிலிருந்து லோயர் வரை அத்தனையும் குப்பை. பெயின்ட் மேல் பிரேக் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆயில் கறுப்பாக இருந்தால் சீல் ரப்பர் கரைந்து கலந்திருக்கிறது என்று பொருள். மாற்றும்போது சீல் கிட் மட்டும் போடலாமா என்று கேட்பார்கள். துளையின் உட்சுவரில் நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் புது சீல் சில வாரம்கூடத் தாங்காது. என் கட்சி: முழு சிலிண்டராக மாற்றுவது. மாஸ்டரும் லோயரும் ஒரே வயதென்றால் இரண்டையும்.

ஸ்கேலை எடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்), ஆறு அங்குல இரும்பு ஸ்கேலோடு லோயர் சிலிண்டர் பக்கம் போங்கள். ஒருவர் பெடலில் இருக்கட்டும்.

முதலில் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் லோயர் சீல் போய்விட்டது. காய்ந்திருந்தால் தண்டில் ஒரு கோடு போட்டு, முழுக்க மிதிக்கச் சொல்லி, கோடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் அதே மாடலில் நல்ல வண்டி ஒன்றைப் பிடித்து அதிலும் அளங்கள். டாக்ஸி ஸ்டாண்டில் இதற்கு மறுக்க மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். நம் மாதிரிக் கணக்கில் 17 வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் 5 மி.மீ. மேலேயே தொலைந்திருக்கிறது, கியர்பாக்ஸைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு மெதுவாகத் திரும்பி வந்தால், வெளியே எங்கும் ஒழுகாதபோது, மாஸ்டரின் உள் சீல்தான். மாஸ்டர் வெளியே ஒழுகினால் அது பெரும்பாலும் காருக்கு உள்ளே, பெடலுக்குப் பின்னால் இறங்கும். கார்ப்பெட்டைத் தொட்டால் பிசுபிசுக்கும்.

ரப்பர் ஹோஸையும் கையில் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது பாம்பு மூச்சு வாங்குவது போல ஊதினால் தேக்கரண்டியில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஹோஸ் கிளாம்ப் (வழவழப்பான தாடை உள்ளது, பிளையர் அல்ல) போட்டு ஹோஸை மாஸ்டர் பக்க முனையில் இறுக்கிவிட்டு மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். அப்போதும் அமுங்கினால் கோளாறு கிளாம்புக்கு மேலே, மாஸ்டரில் அல்லது அதன் குழாயில். கல்லாக நின்றால் கிளாம்புக்குக் கீழே.

லோயர் வெளியே தெரியாத வண்டிகளும் உண்டு. அவற்றில் லோயரும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே உருப்படியாக, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி மோதிரம் போல, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும். அங்கே ஸ்கேலுக்கு இடமில்லை. பெல் ஹவுசிங்கின் அடியில் பிரேக் ஆயில் சொட்டினால் (எஞ்சின் ஆயில் போல வழவழவென்று இராது, தண்ணீர் போல நீர்த்திருக்கும்) இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் கிளட்ச் செட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது மோதிர சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் கையால் அமுக்கி விளையாட வேண்டாம். சீல் தடம் மாறினால் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

ஏர் எடுப்பது

எண்ணெய்ப் பாதையில் எதைக் கழற்றி மாட்டினாலும் உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு வேண்டியவை: லோயரில் காற்று வெளியேறும் நிப்பிளுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர், மீன் தொட்டிக்கு விற்கும் தெளிவான குழாய் ஒரு முழம், ஒரு கண்ணாடி பாட்டில், சீல் உடைக்காத ஆயில், பெடலில் ஒரு ஆள். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். உடைந்த நிப்பிள் புது லோயர் செலவு.

குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய ஆயிலில் மூழ்கியபடி. இனி வேலை முழுக்கப் பேச்சில்தான் இருக்கிறது. "மிதி." "மிதிச்சுட்டேன்." நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்; ஆயிலும் குமிழியும் வரும். இறுக்குங்கள். "விடு." "விட்டுட்டேன்." நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலில் இருப்பவர் விட்டுவிட்டால் வந்த காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறேன். என் வீட்டில் இதற்கு மகள்தான். "அப்பா, விட்டுட்டேன்" என்று அவள் சொல்வதற்கும் நான் இறுக்குவதற்கும் இடையில் சண்டை வந்த நாட்கள் உண்டு. பெடல் தானே மேலே வராவிட்டால் கையால் தூக்க வேண்டும். வேகமாக அடிக்கக் கூடாது. பெரிய குமிழி நுரையாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும், பிறகு அது வெளியே வர மணிக்கணக்காகும்.

ஒரு மிதிக்கு ஒரு தேக்கரண்டிதான் வெளியேறும் என்றாலும் கிளட்ச் குப்பி சின்னது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஊற்றுங்கள். குப்பி காலியாகிக் காற்றை உறிஞ்சினால் முதலிலிருந்து. பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

முப்பது மிதிக்குப் பிறகும் பஞ்சாகவே இருந்தால், லோயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். அடியில் இருந்தால் நூறு மிதித்தாலும் மேலே இருக்கும் குமிழி வராது. அதுவும் சரி என்றால் எதிர்வழி முயலுங்கள். குப்பியிலிருந்து பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ஆயில் நிரப்பிய பெரிய சிரிஞ்சை நிப்பிள் குழாயில் மாட்டி, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். குமிழிக்கு மேலே போகத்தான் ஆசை. அதன் போக்கிலேயே அனுப்புவது. மாஸ்டர் அருகே குழாய் வளைந்து மேடாகப் போகும் வண்டிகளில் இதுதான் கைகொடுக்கும்.

பெல் ஹவுசிங்குக்குள்

ஸ்கேல் முழு அளவு காட்டுகிறது, ஒரு நிமிடம் பிடித்தாலும் நகரவில்லை, கியர் மட்டும் உரசுகிறது. இப்போது மேலே இருப்பவை எல்லாம் நிரபராதி. இறக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: எப்போதிலிருந்து?

மாதக்கணக்கில் நின்ற பிறகு என்றால் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியது போன்ற வண்டிகளில் இது வரும். (மூழ்கிய வண்டியின் எஞ்சினுக்குள் தண்ணீர் இல்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரை சாவியைத் தொடாதீர்கள்.) ஒட்டிய பிளேட்டை இறக்காமலே பிரிக்க முயலலாம். ஆளில்லாத திறந்த மைதானம், சூடான எஞ்சின். அணைத்துவிட்டு முதல் கியர் போட்டு, பெடலை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி குதித்து ஓடும். பெடலை விடாமலே ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் பாருங்கள். ஒட்டு விட்டால் டக்கென்று தெரியும். நாலைந்து முயற்சியில் விடாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்து டிராக்டரைக் கொட்டகையில் விடும்போது கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் கட்டை கொடுத்து நிறுத்தும் விவசாயிகளுக்கு இந்தத் தொல்லையே வருவதில்லை.

கிளட்ச் வேலை பார்த்த மறுநாளிலிருந்து என்றால் மாட்டியதில் தவறு. பிளேட்டை முன்பின் மாற்றிப் போட்டிருக்கலாம். எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே குறி இருக்கும். அல்லது, மாட்டும்போது கியர்பாக்ஸின் எடை முழுவதையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டின் நடுக்குழலில் தொங்கவிட்டிருப்பார்கள். போல்ட் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் பிளேட் லேசாக நெளியும். நெளிந்த பிளேட்டுக்கு அரை மி.மீ. போதாது. இன்புட் ஷாஃப்ட்டில் பிளேட் நழுவும் பற்கள் (ஸ்ப்ளைன்) காய்ந்து துருப்பிடித்திருந்தாலும் பிளேட் நழுவிப் பின்வாங்காது. அதற்குரிய கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் அது பிளேட் மேல் தெறிக்கும்.

இன்னோவா போன்ற பின்சக்கர ஓட்ட வண்டிகளில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு சின்ன பைலட் பேரிங்குக்குள் உட்காரும். அது இறுகிவிட்டால், பிளேட் முழுக்க விடுபட்டிருந்தாலும் கிராங்க் நேராக இன்புட் ஷாஃப்ட்டைச் சுழற்றும். எல்லாம் புதிது, ஸ்கேலும் சரி, ஆனாலும் கர்ர்ர் என்று வரும் வண்டிகளில் இதை மறந்திருப்பார்கள். விலை அற்பம், எப்போது இறக்கினாலும் மாற்றுங்கள்.

விரல்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஃபோர்க்கின் ஊன்றும் குமிழ் தேய்ந்து குழியாகியிருக்கிறதா, ஃபோர்க்கில் மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். ஃபிளைவீலை லேத்தில் முகம் சீவினால், படி உள்ள ஃபிளைவீலில் பிளேட் உட்காரும் முகத்தில் எவ்வளவு சீவினார்களோ அதே அளவு பிரஷர் பிளேட் மாட்டும் விளிம்பிலும் சீவச் சொல்லுங்கள். பெல் ஹவுசிங் தூசியைக் காற்றழுத்தத்தில் ஊத வேண்டாம். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் கிளட்ச் போய்விட்டால், பாதை சமமாகவும் காலியாகவும் இருந்தால் மட்டும், வீடு சேரலாம். எஞ்சின் அணைந்த நிலையில் முதல் கியர் போட்டு, பெடலை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டரே வண்டியை நகர்த்தும். இரண்டாவதுக்கு மாற்ற, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நியூட்ரலுக்கு இழுத்து, எஞ்சின் வேகம் இறங்கும் அந்த நொடியில் லிவரை வலுக்கட்டாயமின்றிச் சாய்த்தால் தானே விழும். நிறுத்த வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு இழுத்துவிட்டு பிரேக் போடுங்கள். மேம்பாலம், மலைப்பாதை, சந்தை நாள் கடைத்தெரு என்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, மறுபடி அடியில் போய் ஸ்கேலை வைத்து லோயர் தண்டின் ஓட்டத்தை அளங்கள். அந்த எண்ணையும் தேதியையும் கிலோமீட்டரையும் பேனட்டின் உட்புறத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, பத்து எண்ணி, ரிவர்ஸ்.